வலிக்காமல் வரும் சிவப்பு: லாரி ஓட்டும் அண்ணன்மார்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள அண்ணன்மார்களே, மாமன்மார்களே, சித்தப்பாமார்களே,

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு, சேலம் என்று உங்கள் வண்டி எந்த ஊர் செட்டில் நின்றாலும் சரி, நேஷனல் பர்மிட் வண்டியின் ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்துப்போன கைகளுக்குத்தான் இந்த மடலை எழுதுகிறேன். நான் ஒரு லாரி டிரைவரின் மகள். இப்போது ஒரு சின்ன ஊரில் லேப் டெக்னீசியன். தினமும் முப்பது நாற்பது பேருடைய சிறுநீரைப் பரிசோதிப்பது என் வேலை. அதனால் இதைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சம் இல்லை. கேட்க உங்களுக்கும் வேண்டாம்.

2016, மே மாதம். அப்பா ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு இந்தூருக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆதிலாபாத் தாண்டி ஒரு தாபாவில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பின்பக்கம் ஒதுங்கியிருக்கிறார். சிறுநீர் சிவப்பாகப் போனது. செம்பருத்தியைக் கசக்கிவிட்ட தண்ணீர் மாதிரி இருந்ததாம். எரிச்சல் இல்லை, கடுப்பு இல்லை, வலி கொஞ்சம்கூட இல்லை. கூட இருந்த கிளீனர் தம்பி பார்த்துவிட்டுப் பதறியிருக்கிறான். "எஞ்சின் சூடுடா, நாலு நாளா கேபின்ல வெந்துக்கிட்டு வர்றமில்ல" என்று சொல்லிவிட்டு, இரண்டு டம்ளர் மோர் வாங்கிக் குடித்துவிட்டு வண்டியை எடுத்திருக்கிறார். மூன்றாம் நாள் இந்தூரில் லோடு இறக்கும்போது சிறுநீர் தெளிந்துவிட்டது. "பாத்தியா, சூடு எறங்கிருச்சு" என்றாராம்.

இது எதுவும் அப்போது எங்களுக்குத் தெரியாது. அம்மாவிடம் சொல்லவில்லை. அந்த வருடம் நான் லேப் டெக்னீசியன் படிப்பில் இருந்தேன். சிறுநீரில் ரத்த அணுக்களை மைக்ராஸ்கோப்பில் எண்ணப் பழகிக்கொண்டிருந்தேன். என்னிடமும் சொல்லவில்லை. பெண்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்திருப்பார். கிளீனர் தம்பி என்னிடம் இதைச் சொன்னது மூன்று வருடம் கழித்து, எழவு வீட்டில், பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு.

அந்த மூன்று நாள் சிவப்புக்குப் பிறகு பதினொரு மாதம் எதுவும் இல்லை. அடுத்த சித்திரையில் வந்தபோது புழு மாதிரி நீளமான ரத்தக் கட்டிகளோடு வந்தது. சிறுநீரகத்திலிருந்து கீழே இறங்கும் மெல்லிய குழாய்க்குள் ரத்தம் உறைந்தால் அந்தக் குழாயின் வடிவத்திலேயே வெளியே வரும். இந்த முறை வலியும் இருந்தது. கல் என்று நினைத்து ஒரு வாரம் வாழைத்தண்டுச் சாறு. பிறகு வழியில் ஒரு மருந்துக்கடையில் நீர்க்கடுப்புக்கு என்று ஐந்து நாள் மாத்திரை. சிறுநீரைப் பரிசோதிக்கும்படி அங்கே யாரும் சொல்லவில்லை. ஊருக்கு வந்து ஸ்கேன் எடுத்தபோது இடது சிறுநீரகத்தில் 9 சென்டிமீட்டரில் கட்டி. அது சிறுநீரக ரத்தக்குழாய்க்குள் நுழைந்திருந்தது. நுரையீரலில் சின்னச் சின்னப் புள்ளிகள்.

அப்பாவுக்கு வந்த நோயின் பெயர் ரீனல் செல் கார்சினோமா. பெரியவர்களுக்குச் சிறுநீரகத்தில் வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது இந்த இனம்தான். அதற்குள்ளும் பல வகை உண்டு. நான்கில் மூன்று பேருக்கு வருவது 'க்ளியர் செல்' என்ற வகை. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 4 லட்சம் பேருக்கு மேல் சிறுநீரகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. பெண்களைவிட ஆண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஏன் க்ளியர் செல் என்று பெயர்? அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்த பிறகு, நான் லேப் படிப்புக்காரி என்று தெரிந்து, பேத்தாலஜி டாக்டர் ஒருவர் அப்பாவின் ஸ்லைடை எனக்குக் காட்டினார். செல்கள் எல்லாம் உள்ளே ஒன்றும் இல்லாததுபோல் வெள்ளையாக, காலி அறைகளாகத் தெரிந்தன. அந்தச் செல்களுக்குள் கொழுப்பும் மாவுச்சத்தும் நிறைந்திருக்கும். ஸ்லைடு தயாரிக்கும்போது ஊற்றும் திரவங்களில் அவை கரைந்து போய்விடும். மிஞ்சுவது வெறும் அறை. அந்த அறைகளைச் சுற்றி மெல்லிய ரத்தக்குழாய்கள் பின்னிக் கிடந்தன. "உங்க ஊர் கோழிப்பண்ணை வலை மாதிரி இல்ல?" என்று டாக்டர் கேட்டார். அப்படித்தான் இருந்தது. நாமக்கல் பக்கம் பிறந்தவளுக்கு அதைவிடச் சரியாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

அந்த வலையில்தான் விஷயமே இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த மூன்று நாள் சிவப்பு ஏன் வந்தது, ஏன் தானாக நின்றது என்பது அதில்தான் அடங்கியிருக்கிறது.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் தனக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் போதுமா என்று பார்க்க ஒரு ஏற்பாடு உண்டு. உங்கள் டேஷ்போர்டில் இருக்கும் டீசல் முள் மாதிரி. ஆக்சிஜன் குறைந்தால் முள் கீழே இறங்கும். உடனே செல், "எனக்கு ரத்தக்குழாய் வேண்டும், ரத்தம் வேண்டும்" என்று ஆள் அனுப்பும். போதுமான அளவு வந்ததும் முள் ஏறிவிடும், செல் கேட்பதை நிறுத்திவிடும். இந்த ஏற்பாட்டில் வி.எச்.எல். என்ற ஒரு ஜீன் முக்கியமான வேலை செய்கிறது. கண்களில் ரத்தக்குழாய்க் கட்டிகள் வரும் ஒரு பரம்பரை நோயை விவரித்த ஜெர்மன் கண் டாக்டர் ஃபான் ஹிப்பல், அது மூளை வரைக்கும் தொடர்புடையது என்று 1926-ல் கண்டுசொன்ன ஸ்வீடன் நாட்டு லிண்டாவ், இந்த இருவர் பெயரும் சேர்ந்ததுதான் அந்த எழுத்துகள். ஜீனைப் பிடித்தது 1993-ல். க்ளியர் செல் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் இந்த ஜீன் பழுதாகியிருக்கிறது. அதாவது, டேங்க் நிரம்பியிருக்கிறது, ஆனால் முள் காலி என்றே காட்டிக்கொண்டு நிற்கிறது. செல் விடாமல் ரத்தக்குழாய் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அப்படி அவசரமாக முளைத்த குழாய்கள் உறுதியாக இருப்பதில்லை. எங்கோ ஒன்று கசியும், சிவப்பாக வரும். ரத்தம் தானாக உறையும், நின்றுவிடும். கட்டி இருந்த இடத்திலேயே இருக்கும்.

செல்கள் ஆக்சிஜனை எப்படி உணர்கின்றன என்பதைக் கண்டுபிடித்ததற்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமன்சா ஆகிய மூவருக்கும் 2019-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் செய்தி பேப்பரில் வந்தது அக்டோபர் மாதம். அப்பா போனது ஆகஸ்டில். அந்தத் துண்டை வெட்டி அவருடைய ஓட்டுநர் உரிமத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

அண்ணா, சிறுநீர் சிவப்பாகப் போனவர்கள் எல்லோருக்கும் புற்றுநோய் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவர்களுக்கு இல்லை. கல்லாக இருக்கலாம், கிருமித் தொற்றாக இருக்கலாம், வயதானவர்களுக்கு புராஸ்டேட் வீக்கமாக இருக்கலாம். பீட்ரூட் சாப்பிட்டாலும் சிலருக்குச் சிவப்பாகப் போகும். காச நோய்க்கு ரிஃபாம்பிசின் மாத்திரை எடுப்பவர்களுக்கு ஆரஞ்சும் சிவப்புமாகப் போகும். இதையெல்லாம் பிரித்துச் சொல்ல எங்களுக்கு ஐந்து நிமிடம் போதும். சிறுநீரைக் குழாயில் ஊற்றி சென்ட்ரிஃப்யூஜில் சுற்றுவோம். சிவப்பு அணுக்கள் இருந்தால் எடை தாங்காமல் அடியில் ஒரு சிவப்புப் பொட்டாக உட்கார்ந்துவிடும், மேலே இருக்கும் நீர் தெளிந்துவிடும். வெறும் சாயம் என்றால் எவ்வளவு சுற்றினாலும் நீர் முழுக்க அதே நிறத்தில் நிற்கும். பிறகு ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடலாம். எங்கள் லேபில் நடக்கும் பரிசோதனைகளிலேயே விலை குறைந்தவற்றில் இது ஒன்று.

வலித்தால் வருகிறீர்கள். வலிக்காவிட்டால் வருவதில்லை. இதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். கல் வலிக்கும், தொற்று எரியும். நாற்பது, ஐம்பது வயதுக்கு மேல், அதுவும் பீடி சிகரெட் பழக்கம் உள்ள ஒருவருக்கு வலியே இல்லாமல் ரத்தம் வந்தால் டாக்டர்கள் முதலில் நினைப்பது சிறுநீரகத்தையும் சிறுநீர்ப்பையையும்தான். இரண்டிலும் புற்றுநோய்க்குப் புகை ஒரு காரணம். ஒரே ஒரு தடவை வந்து நின்றிருந்தாலும் பார்த்தாக வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் மாத்திரையால் என்று விட்டுவிடக் கூடாது.

சூடு என்ற ஒரு சொல்லில் நாம் எத்தனை நோயை மூடி வைத்திருக்கிறோம்! கேபினில் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து வேகிறவர்களுக்கு அந்தச் சொல் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்று எனக்குப் புரிகிறது. இளநீர் குடியுங்கள், எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள், அம்மா ஊறவைத்துத் தரும் வெந்தயத்தை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ரத்தம் வந்தால் மட்டும் அதற்குச் சூடு என்று பெயர் வைக்காதீர்கள்.

ரத்தமே வராமலும் இந்த நோய் வளரும். முதுகின் பக்கவாட்டில் வலி, கையில் படும் கட்டி, சிறுநீரில் ரத்தம் ஆகிய மூன்றும் சேர்ந்து வருவது பழைய பாடப் புத்தகத்தின் அடையாளம். நூறில் பத்து பேருக்குக்கூட அப்படி வருவதில்லை. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில்தான் தெரியவருகிறது. காரணம் தெரியாத எடைக் குறைவு, விட்டு விட்டு வரும் காய்ச்சல், ரத்தசோகை என்று சிலருக்கு வரும். இன்னொன்றும் உண்டு, இதை ஆண்கள் யாரிடமும் சொல்வதில்லை: பெரிய வயதில் திடீரென்று இடது விதைப்பையில் நரம்பு புடைத்துக்கொள்வது. இடது விதையிலிருந்து வரும் ரத்தக்குழாய் இடது சிறுநீரகத்தின் ரத்தக்குழாயில் போய்ச் சேருகிறது. மேலே கட்டி அடைத்தால் கீழே புடைக்கும். மெயின் ரோட்டில் வண்டி நின்றால் கிளை ரோட்டில் வரிசை கட்டுமே, அது மாதிரி.

யாருக்கு வாய்ப்பு அதிகம் என்று கேட்டால், புகைப்பவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், பி.பி. உள்ளவர்கள். அப்பாவுக்கு மூன்றும் இருந்தன. பி.பி. மாத்திரை போட்டால் அடிக்கடி ஒதுங்க வேண்டியிருக்கிறது, வண்டி ஓட்ட முடியவில்லை என்று லைன் போகும் நாட்களில் மாத்திரையை நிறுத்திவிடுவார். உங்களில் பலர் இப்படித்தான் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தச் சிரமத்தை டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை மாற்றித் தருவார். அப்பா கடைசி வரை சொல்லவே இல்லை. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வீட்டில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள், லைன் கிளம்பும்போது பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர் இருந்தார். ரிக் வண்டி டிரைவர், வயது 51. பித்தப்பையில் கல்லோ என்று வயிற்று ஸ்கேன் எடுத்தபோது வலது சிறுநீரகத்தின் ஓரத்தில் 3 சென்டிமீட்டர் கட்டி தெரிந்திருக்கிறது. எந்தத் தொந்தரவும் இருந்ததில்லை. ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி அவர் அப்பாவிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "ஒத்தைக் கிட்னியோட ரிக்கு ஓட்ட முடியுங்களாண்ணா?"

இந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டுதான் பலர் ஸ்கேன் பக்கமே வருவதில்லை. பதில் சொல்கிறேன். ஒரு சிறுநீரகத்தோடு மனிதன் வாழ முடியும் என்பது 1869-ல், ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் குஸ்டாவ் சைமன் என்ற அறுவை மருத்துவர் திட்டமிட்டு ஒரு பெண்ணின் சிறுநீரகத்தை எடுத்து அவர் பிழைத்தபோதே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் வடிகட்டிகள் உண்டு. மற்றது நன்றாக இருந்தால் அது வேலையை ஏற்றுக்கொள்ளும். இன்று கட்டி சின்னதாக இருந்தால் சிறுநீரகத்தை முழுதாக எடுப்பதும் இல்லை. 4 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டி என்றால், முடிந்தவரை கட்டியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மிச்சச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதுதான் இப்போதைய வழக்கம். இடத்தைப் பொறுத்து 7 சென்டிமீட்டர் வரைக்கும்கூட அப்படிச் செய்கிறார்கள். அதனால் "முழுக் கிட்னியும் எடுக்கணுமா, கட்டிய மட்டும் எடுக்க முடியாதா" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். பக்கத்துக் கட்டில்காரருக்குக் கட்டியை மட்டும் எடுத்தார்கள். ஆறாம் நாள் வீட்டுக்குப் போனார். டாக்டர் சரி என்று சொன்ன பிறகு மறுபடி ரிக் ஓட்டினார். பொங்கலுக்குப் பொங்கல் அம்மாவுக்குப் போன் செய்வார். அப்பா இல்லாத வீட்டுக்கு இன்றைக்கும் செய்கிறார்.

ஒரே நோய், ஒரே வார்டு, ஒரே பிழைப்பு. அவருடையது சிறுநீரகத்துக்குள்ளேயே இருந்தது, அப்பாவுடையது வெளியேறியிருந்தது. சிறுநீரகத்துக்குள் இருக்கும்போதே பிடிபட்டால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்து வருடம் தாண்டி நன்றாக இருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கணக்குகள் சொல்கின்றன. தூரத்து உறுப்புகளுக்குப் பரவிய பிறகு அது ஐந்தில் ஒருவர் என்ற அளவுக்கும் கீழே போய்விடுகிறது.

எல்லோரும் கேட்கும் இன்னொரு கேள்வி, கீமோ கொடுப்பார்களா என்பது. இந்த வகைக்கு வழக்கமான கீமோ பெரிதாக வேலை செய்வதில்லை. இந்த நோய்க்கான மருந்துகளே தனி. கட்டி கேட்கும் ரத்தக்குழாயை முளைக்கவிடாமல் செய்யும் மாத்திரைகள் 2005, 2006-ல் வந்தன. அப்பாவுக்குச் சிறுநீரகத்தை எடுத்துவிட்டு அவற்றில் ஒன்றான சுனிடினிப் கொடுத்தார்கள். நான்கு வாரம் மாத்திரை, இரண்டு வாரம் ஓய்வு. தோல் மஞ்சள் பூத்தது. தலைமுடி வெளுத்தது. உள்ளங்கையில் அந்த மருந்துக்குப் புண் வரும், அதுவும் காய்த்துப்போன இடத்தில்தான் அதிகமாக வரும். முப்பது வருடம் ஸ்டீயரிங் பிடித்துக் கட்டை விரலுக்குக் கீழே காய்த்திருந்த இடம் வெடித்துச் சிவந்தது. சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டார். ஒருநாள் கையை விரித்து என்னிடம் காட்டி, "வண்டி ஓட்டுன கை சாமி, அதான் அதுக்குக் கோவம்" என்றார். நான் யூரியா கலந்த களிம்பைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

அந்த மாத்திரை அவருக்கு இரண்டு வருடம் கொடுத்தது. என் கல்யாணத்தைப் பார்த்தார். இப்போது அவருக்குக் கிடைக்காத மருந்துகளும் வந்திருக்கின்றன. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கட்டிப்போடும் தடையை நீக்கும் ஊசிகள் இன்று பரவிய நோய்க்கு முதலிலேயே தரப்படுகின்றன. சிலருக்கு நீண்ட காலம் கேட்கிறது. அந்த டீசல் முள் பழுதையே குறிவைக்கும் பெல்சுட்டிஃபான் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2021-ல் பரம்பரை நோய்க்கும், 2023-ல் முற்றிய சிறுநீரகப் புற்றுநோய்க்கும் அனுமதி கிடைத்தது. ஆகவே பரவிவிட்டது என்று யாராவது சொன்னாலும் வீட்டில் படுத்துவிடாதீர்கள். இடையில் யாரோ கொடுக்கும் பெயர் தெரியாத பொடி, சூரணம் வாங்கி மிச்சமிருக்கும் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு பொடி வந்தது. அம்மா அழுதுகொண்டே தூக்கி எறிந்தார்.

பிள்ளைகளுக்கு வருமா என்று அப்பா கவலைப்பட்டார். பெரும்பாலும் இது பரம்பரையாக வருவதில்லை. சின்ன வயதிலேயே வந்தாலோ, இரண்டு பக்கமும் வந்தாலோ, குடும்பத்தில் வேறு பலருக்கு இருந்தாலோதான் அந்தக் கோணத்தில் பார்ப்பார்கள். ஆனாலும் நானும் தம்பியும் ஒருமுறை ஸ்கேன் எடுத்துக்கொண்டோம். அப்பாவின் மனசுக்காக.

ரோட்டில் இருக்கும்போது சிவப்பாகப் போனால் என்ன செய்வது? போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அசிங்கம் என்று நினைக்காதீர்கள், அது எங்களுக்குப் பெரிய உதவி. தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே வீட்டுக்குப் போன் செய்து மனைவியிடமோ மகளிடமோ சொல்லுங்கள். கட்டி கட்டியாக வந்தாலும், சிறுநீர் அடைத்துக்கொண்டாலும் லோடு கிடக்கட்டும், பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி இருக்கிறதோ அங்கே போங்கள். அப்படி இல்லாவிட்டால் ஊர் திரும்பிய மறுநாள் காலையில் சிறுநீர்ப் பரிசோதனை, ஒரு வயிற்று ஸ்கேன். சிறுநீர் தெளிந்துவிட்டிருந்தாலும் வாருங்கள். ஸ்கேனில் ஏதாவது தெரிந்தால் சாயம் ஏற்றி சி.டி. எடுப்பார்கள். அது வரைக்கும் எந்த முடிவுக்கும் போகாதீர்கள், சிறுநீரகத்தில் தெரிவதெல்லாம் புற்றுநோய் இல்லை, வெறும் நீர்க்கட்டிதான் நிறையப் பேருக்கு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கிளீனர் தம்பிமார்களுக்கும் ஒரு வார்த்தை. "டிரைவரண்ணன் சொல்ல வேண்டாம்னாரு, அதான் சொல்லலக்கா" என்று அன்றைக்கு அவன் தேம்பியதை என்னால் மறக்க முடியவில்லை. அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை, பத்தொன்பது வயசுப் பையன். ஆனால் நீங்கள் பார்த்தால் சொல்லிவிடுங்கள். அண்ணன் திட்டினால் திட்டட்டும்.

எங்கள் லேபைக் காலை ஆறரைக்கே திறந்துவிடுவேன். சிறுநீர்ப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை, டீ குடித்துவிட்டே வரலாம். எதிரே பெரிய காலி இடம் இருக்கிறது. டாரஸ் வண்டியே ஒடித்துத் திருப்பலாம்.

அன்புடன்,
உங்கள் செட்டில் வளர்ந்த ஒரு டிரைவரின் மகள்